பனப்பாக்கம் கார் ஆலையும் நம் பிள்ளைகளின் வேலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாலாஜாப்பேட்டை பக்கம் ஒரு ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவுக்குப் பயிற்றுநராக இருக்கிறேன். அதற்கு முன் ஆறு வருஷம், ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. பனப்பாக்கத்தில் கார் ஆலை வருகிறது என்று செய்தி வந்ததிலிருந்து சேர்க்கை நேரத்தில், பஸ் ஸ்டாண்டில், கல்யாணப் பந்தியில்கூட ஒரே மாதிரி சந்தேகங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாயால் சொன்னால் பாதி மறந்துபோகிறது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, தெரிந்ததை எழுதிவிட்டேன்.

இந்த ஃபேக்டரி எங்க சார் இருக்கு? வேலூர்லயா, ராணிப்பேட்டையிலயா?

ராணிப்பேட்டை மாவட்டம், நெமிலி வட்டம், பனப்பாக்கம் சிப்காட் (அரசு நிறுவனம் அமைக்கும் தொழிற்பூங்கா). பெரியவர்களுக்கு இது பழைய வட ஆற்காடு. 1989-ல் அந்த மாவட்டத்திலிருந்து திருவண்ணாமலை பிரிந்தது. மீதி இருந்த வேலூர் மாவட்டமும் 2019 நவம்பரில் மூன்றாகி, ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. "வேலூர்ல கார் கம்பெனி" என்று சிலர் சொல்வது பழைய பழக்கத்தில்தான். அரசு முகாம்களுக்கு விண்ணப்பிக்கும்போது மாவட்டம் எது என்று சரியாகப் பாருங்கள்.

டாட்டா கம்பெனிதானே? எவ்ளோ பெரிசு?

ஆமாம், டாட்டா மோட்டார்ஸ். ஜாகுவார் லேண்ட் ரோவரும் அந்தக் குழுமத்தைச் சேர்ந்ததுதான். 2024 மார்ச் 13-ல் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டார்கள், அதே ஆண்டு செப்டம்பர் 28-ல் முதல்வர் ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். முதலீடு சுமார் 9,000 கோடி ரூபாய். முழு அளவை எட்டும்போது ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வண்டிக்கு மேல் செய்யலாம் என்பது கணக்கு. அந்த அளவை ஒரே நாளில் எட்டப்போவதில்லை. ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் படிப்படியாக உற்பத்தியைக் கூட்டுவோம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். இந்த "படிப்படியாக" என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பல பதில்களுக்கு அதுதான் அடிப்படை.

இரண்டரை லட்சம் என்றால் என்ன என்று என் மாணவர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவேன். ஆண்டுக்கு 300 வேலை நாள், இரண்டு ஷிப்டில் 15 மணி நேரம் லைன், அதாவது வண்டியைப் படிப்படியாகப் பூட்டிக்கொண்டு போகும் வரிசை, ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 55 வண்டி வருகிறது. அதாவது ஏறத்தாழ 65 விநாடிக்கு ஒரு வண்டி லைனை விட்டு இறங்க வேண்டும்.

அஞ்சாயிரம் பேருக்கு வேலைன்னாங்களே. அத்தனையும் கம்பெனி வேலையா?

இல்லை. அறிவிப்பில் இருப்பது "நேரடியாகவும் மறைமுகமாகவும் 5,000 பேருக்கு மேல்" என்பது. நேரடி என்றால் அந்தக் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பவர். மறைமுகம் என்றால் பாகம் கொண்டுவரும் கம்பெனிக்காரர், லாரி ஓட்டுபவர், கேன்டீனில் சமைப்பவர், செக்யூரிட்டி, தோட்ட வேலை செய்பவர் வரை வருவார்கள்.

கட்டடம் கட்டும்போது வரும் கூட்டத்தையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது முடிந்ததும் அந்த ஆட்கள் அடுத்த ஊர் வேலைக்குப் போய்விடுவார்கள். நான் யாருடைய நம்பிக்கையையும் குலைக்கவில்லை. ஐயாயிரம் நல்ல எண்ணிக்கைதான். அதில் எந்த வேலை உங்கள் பிள்ளைக்கு என்று தெரிந்து ஆசைப்பட வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

9,000 கோடி போட்டு 5,000 வேலைதானா? அதே பனப்பாக்கத்துல செருப்புக் கம்பெனி 25,000 பேருக்குன்னு போட்டிருந்தாங்களே?

சரியான இடத்தில் கை வைத்த கேள்வி. கேட்டவர் நெமிலியில் தறி வைத்திருக்கும் ஒரு அம்மா. 2024 டிசம்பர் 16-ல் அதே பனப்பாக்கத்தில் தைவானைச் சேர்ந்த ஹாங் ஃபூ குழுமத்தின் காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். முதலீடு 1,500 கோடி, வேலை 25,000 பேருக்கு என்று அறிவிப்பு. வகுத்துப் பாருங்கள்: செருப்பில் ஒரு வேலைக்கு 6 லட்சம் ரூபாய் முதலீடு, காரில் ஒரு வேலைக்கு 1 கோடியே 80 லட்சம். 2025 அக்டோபரில் மறைமலை நகரில் கார் இன்ஜின் செய்ய ஃபோர்டு போட்ட ஒப்பந்தம் இன்னும் தூரம் போகிறது. 3,250 கோடிக்கு 600 வேலை, அதாவது ஒரு வேலைக்கு 5 கோடிக்கு மேல்.

காரணம் லேசானது. செருப்பில் துணியை வெட்டுவது, தைப்பது, ஒட்டுவது எல்லாம் இன்னும் கைவேலை. காரில் பாரமான, ஆபத்தான, ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகக்கூடாத வேலைகளை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டார்கள். பணம் மெஷினுக்குப் போகிறது. அந்த மெஷினை ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்தவருக்குச் சம்பளமும் கூடுதலாக இருக்கும், கற்றுக்கொண்டதை வைத்து வேறு ஆலைக்கும் போகலாம். ஆனால் ஆள் குறைவு. அதனால் வீட்டில் நான்கு பேர் வேலை தேடினால் நான்கு பேரும் கார் ஆலை வாசலிலேயே நிற்க வேண்டியதில்லை. இந்தச் செருப்பு ஆலையைச் சின்ன வேலை என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் எத்தனையோ வீட்டில் பெண்பிள்ளைகளைப் படிக்க வைத்தது ஷூ கம்பெனிச் சம்பளம்தான்.

கார் ஃபேக்டரி உள்ள இன்னாதான் நடக்கும்? வெளியிலருந்து பாத்தா ஒண்ணும் தெரியல.

பொதுவாக நான்கு பெரிய கூடங்கள். முதலாவது பிரஸ் ஷாப். சுருளாக வரும் இரும்புத் தகட்டை வெட்டி, ராட்சத அச்சுக்குள் அழுத்திக் கதவு, கூரை, பானெட் என்று வடிவம் எடுப்பார்கள். ஆட்கள் குறைவு, அச்சு பராமரிக்கத் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். இரண்டாவது பாடி ஷாப். தகடுகளைப் பற்றவைத்துக் கூடு ஆக்கும் இடம். இங்கே ரோபோக்கள்தான் முன்னால் நிற்கும். ஒரு காரில் ஆயிரக்கணக்கான வெல்டிங் புள்ளிகள் உண்டு, கையால் செய்து மாளாது. மூன்றாவது பெயின்ட் ஷாப். தூசி ஒன்று விழுந்தாலும் வண்டி திரும்பிவிடும் என்பதால் உடை, காற்று, ஈரப்பதம் எல்லாவற்றிலும் கட்டுப்பாடு.

நான்காவது அசெம்பிளி. ஆள் அதிகம் தேவைப்படும் இடம் இதுதான். ஒயரிங், டேஷ்போர்டு, சீட், கண்ணாடி, சக்கரம் என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஒருவரோ இருவரோ நிற்பார்கள். முன்பு சொன்ன 65 விநாடிக் கணக்கு இங்கேதான் உடம்பில் தெரியும். வண்டி உங்கள் முன் வந்து நிற்கும், அந்த நேரத்துக்குள் உங்கள் நான்கைந்து போல்ட்டைச் சரியான முறுக்கில் இறுக்கி முடித்திருக்க வேண்டும். அடுத்த வண்டி வந்துவிடும். முதல் மாதம் தோள்பட்டையும் பாதமும் வலிக்கும். அந்த வலியில் பத்து நாளில் ஓடிவந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். தாக்குப்பிடித்தவர்கள் பிறகு கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். இதற்கு மேல் தரப் பரிசோதனை, மெயின்டனன்ஸ், ஸ்டோர்ஸ், பாகங்களை லைனுக்குக் கொண்டுசேர்க்கும் பிரிவு எல்லாம் உண்டு.

பையன் பத்தாவது பாஸ். ஐடிஐல எந்த டிரேடு போட்டா கார் கம்பெனிக்கு நல்லது?

எல்லாரும் மோட்டார் வாகன மெக்கானிக் டிரேடுதான் கேட்கிறார்கள், பெயரில் மோட்டார் இருப்பதால். அது நல்ல டிரேடு, ஆனால் அதன் மையம் ஓடுகிற வண்டியைப் பழுது பார்ப்பது. ஆலைக்குள் கார் செய்யும் வேலைக்கு ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட், டர்னர், வெல்டர் எல்லாருக்கும் இடம் உண்டு. நான் ஃபிட்டர் வாத்தியார் என்பதால் சொல்லவில்லை: மெயின்டனன்ஸ் பக்கம் போக ஆசை என்றால் எலக்ட்ரீஷியன் எடுத்துவிட்டு, சென்சார், பி.எல்.சி. (மெஷினை இயக்கும் சிறு கணினி) போன்றவற்றைக் கூடுதலாகக் கற்றுக்கொள்வதுதான் இன்றைக்குப் பலமான வழி. டாட்டா டெக்னாலஜிஸ் கூட்டில் 71 அரசு ஐடிஐகளைத் தொழில் 4.0 (கணினியும் ரோபோவும் சேர்ந்த உற்பத்தி) மையங்களாகத் தரம் உயர்த்தும் திட்டத்தில் ரோபாட்டிக்ஸ், சி.என்.சி. (கணினி வழி ஓடும் மெஷின்) போன்ற புது டிரேடுகளும் வந்திருக்கின்றன. சேரும் முன் அந்த ஐடிஐயில் மெஷின் உண்மையில் ஓடுகிறதா என்று போய்ப் பாருங்கள்.

செலவு பற்றிப் பயம் வேண்டாம். அரசு ஐடிஐயில் மாத உதவித்தொகை, இலவச பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் படித்துவந்த பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். இரண்டு வருஷ டிரேடு முடித்தால் டிப்ளமோ நேரடி இரண்டாம் ஆண்டுக்கும் போகலாம். அப்புறம் ஒன்று, சேர்க்கும்போதே கண் பரிசோதனை செய்துவிடுங்கள். நிறக்குருடு இருந்தால் எலக்ட்ரிக்கல், பெயின்ட் பிரிவுகளில் எடுக்க மாட்டார்கள். இரண்டு வருஷம் படித்த பிறகு கம்பெனி மெடிக்கலில் அது தெரியவரும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது.

எம்பொண்ணு பி.இ. மெக்கானிக்கல். லைன்ல நிக்க வெப்பாங்களா?

பி.இ.க்கு நேரடியாக எஞ்சினியர் பதவி என்பது ஆலையில் மிகச் சில இடம். தரக் கட்டுப்பாடு, உற்பத்தித் திட்டம், ரோபோ புரோகிராமிங், கொள்முதல் போன்றவை. சில கம்பெனிகள் பி.இ. படித்தவரை லைன் வேலைக்கு எடுப்பதில்லை, சீக்கிரம் விட்டுப்போவார் என்று நினைக்கின்றன. படிப்பை மறைத்துச் சேருவதைப் பலர் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டினால் அந்த வேலையே போய்விடும்.

பொண்ணுங்கள எடுப்பாங்களா? நைட் ஷிப்ட்டு போடுவாங்களே, எப்படி அனுப்பறது?

எடுக்கிறார்கள், கூடிக்கொண்டும் வருகிறது. ராணிப்பேட்டையில் 2021-ல் தொடங்கிய ஆம்பியர் மின்சார ஸ்கூட்டர் ஆலை பெண்களைப் பெரும்பான்மையாகச் சேர்ப்போம் என்று சொல்லியே வந்தது. முறுக்குவதற்கும் தூக்குவதற்கும் கருவிகள் வந்துவிட்டதால் உடல் பலம் என்ற பழைய காரணம் இப்போது பெரிதாக நிற்பதில்லை.

இரவு ஷிப்டுக்குப் பெண்ணின் சம்மதம் வேண்டும், போக்குவரத்தும் பாதுகாப்பும் முதலாளி பொறுப்பு. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இதுதான் நிபந்தனை. கம்பெனி பஸ் வீட்டு வாசல்வரை வருகிறதா, மெயின் ரோட்டில் இறக்கிவிடுகிறதா என்று கேளுங்கள். ஓச்சேரியிலோ காவேரிப்பாக்கத்திலோ நெடுஞ்சாலை ஓரம் இரவு ஒரு மணிக்கு இறக்கிவிட்டால் அது பாதுகாப்பான ஏற்பாடு இல்லை. ஹாஸ்டல் என்றால், வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்க சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த குடியிருப்பு ஒரு முன்மாதிரி. பனப்பாக்கத்துக்கும் அப்படி வேண்டும் என்று நம் மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்க வேண்டிய நேரம் இது.

டிரெய்னிங்கறாங்க, அப்ரண்டிஸுங்கறாங்க, காண்ட்ராக்ட்டுங்கறாங்க. எல்லாம் ஒண்ணுதானே?

ஒன்றே இல்லை. இது புரியாமல்தான் நானும் ஆறு வருஷத்தை விட்டேன்.

அப்ரண்டிஸ் என்பது 1961-ம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி பயிற்சி. அங்கே வருவது சம்பளம் அல்ல, உதவித்தொகை. முடித்தால் தேசிய அளவில் செல்லும் சான்றிதழ் கிடைக்கும், அதற்கு நல்ல மதிப்பு உண்டு. ஆனால் பயிற்சிக்குப் பின் வேலை தர வேண்டிய கட்டாயம் கம்பெனிக்குக் கிடையாது. டிரெய்னி என்பது கம்பெனியே கொடுக்கும் பெயர். கடிதத்தில் எத்தனை மாதம், முடிந்ததும் என்ன என்று எழுதியிருப்பதுதான் அதன் பொருள். காண்ட்ராக்ட் என்றால் உங்களை வேலைக்கு வைத்திருப்பவர் ஒப்பந்தக்காரர். யூனிஃபார்மில் பெரிய கம்பெனி பெயர் இருக்கலாம், சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கும். குறித்த கால வேலை என்று இன்னொன்று உண்டு: கம்பெனியே நேரடியாக ஓராண்டு, இரண்டாண்டு என்று எடுப்பது. புதிய சட்டத் தொகுப்பில் இவர்களுக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை உண்டு.

பர்மனன்ட் என்பது கன்ஃபர்மேஷன் கடிதம் கையில் வந்த பிறகுதான். சூப்பர்வைசர் வாயால் சொன்னது கணக்கில்லை.

சம்பளம் இருபதுன்னு சொல்லிட்டு பதினாறுதான் கைக்கு வருது. ஏமாத்தறாங்களா?

பெரும்பாலும் ஏமாற்று இல்லை, சொல்லும் விதம்தான். "இருபது" என்பது கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவாக இருக்கும். அதில் முதலாளி கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்புநிதி), இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) பங்கும் சேரும். உதாரணமாக அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 என்றால் உங்கள் பி.எஃப். பங்கு 12 சதவீதம், 1,800 ரூபாய். அதே அளவு முதலாளியும் கட்ட வேண்டும். மொத்தச் சம்பளம் 18,000 என்றால் இ.எஸ்.ஐ.க்கு உங்களிடம் 135 ரூபாய் பிடிப்பார்கள், முதலாளி 585 கட்டுவார். இ.எஸ்.ஐ.க்குச் சம்பள உச்சவரம்பு 21,000.

பிடித்த பணம் உண்மையில் கட்டப்பட்டதா என்று மாதம் ஒருமுறை பி.எஃப். பாஸ்புக்கைப் போனில் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால் அதுதான் ஏமாற்று. பஸ், கேன்டீன் பிடித்தம் எவ்வளவு, ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம் தருகிறார்களா என்பதைச் சேரும் நாளிலேயே கேட்கலாம், தப்பில்லை.

ஒருத்தர் ஐம்பதாயிரம் குடுத்தா உள்ள போட்டுடறேங்கறார். குடுக்கலாமா?

கூடாது. கூடவே கூடாது. என்னிடம் படித்த ஒரு பையன், நெமிலி பக்கம். அப்பா நகையை அடகு வைத்து 60,000 கொடுத்தார். கம்பெனி முத்திரையோடு நியமனக் கடிதம் வந்தது, சேரும் தேதியும் இருந்தது. புதுச் சட்டை, ஷூ எல்லாம் வாங்கிக்கொண்டு போனான். செக்யூரிட்டி கடிதத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த வாரத்துல நீ நாலாவது ஆளு" என்றாராம். பணம் வாங்கியவர் போன் அன்றிலிருந்து அணைந்துவிட்டது.

நேர்மையான எந்தக் கம்பெனியும் வேலைக்குப் பணம் வாங்காது. டெபாசிட், யூனிஃபார்ம் கட்டணம், மெடிக்கல் கட்டணம், எந்தப் பெயரில் கேட்டாலும் அதே பதில். அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். ஆன்லைனில் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு மறைத்தால் அடுத்த வீட்டுக்காரரும் அதே ஆளிடம் ஏமாறுவார்.

அப்போ எங்கதான் எழுதிப் போடறது?

கம்பெனியின் சொந்த இணையதளம், தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையதளம், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் முகாம், ஐடிஐ, பாலிடெக்னிக் வளாகத் தேர்வு. இந்த நான்கும் போதும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து வைத்துவிட்டுக் காத்திருந்தால் தனியார் கம்பெனி தானாகக் கூப்பிடும் என்று நினைத்துவிடாதீர்கள்.

நெலம், தண்ணி எங்க ஊருது. உள்ளூர்க்காரங்களுக்கு இத்தனை சதவீதம்னு சட்டம் இல்லையா?

தமிழ்நாட்டில் தனியார் வேலைக்கு அப்படி ஒரு சட்டம் நடைமுறையில் இல்லை. ஹரியானாவில் 75 சதவீதம் உள்ளூர்க்காரருக்கு என்று சட்டம் போட்டார்கள், 2023 நவம்பர் 17-ல் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் அது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று ரத்து செய்தது.

ஆனால் சட்டம் இல்லை என்பதால் கேட்க வழியே இல்லை என்று பொருள் இல்லை. சலுகையோடு நிலம் கொடுக்கும்போது அரசு பேசலாம். சுற்றுப்புற ஐடிஐகளோடு பயிற்சி ஒப்பந்தம் போடச் சொல்லலாம். கிராம சபையில் "நம் ஒன்றியத்திலிருந்து எத்தனை பேர் பயிற்சிக்கு எடுக்கப்பட்டார்கள்" என்று ஆண்டுதோறும் எழுத்தில் கேட்கலாம். என் பார்வையில் சதவீதத்துக்காகப் போராடுவதைவிட இது பலன் தரும். திறன் இருந்தால் பக்கத்து ஊர்ப் பையனை எடுப்பது கம்பெனிக்கும் லாபம்தான். பஸ் செலவு குறையும், விட்டுப்போகவும் மாட்டான்.

வடக்குப் பசங்களத்தான் வெக்கறாங்க. நம்ம பசங்களுக்கு எங்க கெடைக்கும்?

கோபம் புரிகிறது. ஆனால் அந்தப் பையன்கள்மேல் அதைக் காட்டாதீர்கள். அவர்களும் பிகாரிலோ ஒடிசாவிலோ அம்மாவை விட்டுவிட்டு வந்தவர்கள், ஒரே அறையில் எட்டுப் பேர் தங்கி, நம்மைவிடக் குறைந்த பாதுகாப்பில் வேலை செய்கிறார்கள். அவர்கள் அதிகம் இருப்பது கட்டட வேலையிலும் ஒப்பந்தக்காரர் வழி வேலையிலும். நேரடி நியமனத்தில் ஐடிஐ, டிப்ளமோ படித்த நம் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் முழுக்க இருக்கிறார்கள். ஆற்காட்டிலிருந்து தினமும் கம்பெனி பஸ் ஏறுபவர்களைக் கேட்டாலே தெரியும். கேட்க வேண்டியது, நிரந்தரமான வேலையை ஏன் காண்ட்ராக்ட் ஆக்குகிறார்கள் என்பது.

பார்ட்ஸ் கம்பெனிங்கல்லாம் கூடவே வந்துடுமா? அதுலதானே வேலை அதிகம்?

வேலை அதிகம் என்பது சரி. ஹூண்டாய் 1996-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தபோது கொரியாவிலிருந்து பாகக் கம்பெனிகளும் கூடவே வந்தன, அந்தப் பகுதியின் முகமே மாறியது. பனப்பாக்கத்தில் அதே அளவு நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அதே நெடுஞ்சாலைப் பக்கம், லாரி தூரத்தில்தான் இருக்கின்றன. ஏற்கெனவே அங்கே இருக்கும் கம்பெனி அங்கிருந்தே பாகம் அனுப்பிவிடலாம்.

பக்கத்திலேயே இருந்தாக வேண்டியவை இடம் அடைக்கும் பாகங்கள்: சீட், பம்பர், டேஷ்போர்டு, எரிபொருள் டேங்க். இவற்றை மாதக் கணக்கில் அடுக்கி வைக்க முடியாது. லைனில் சிவப்பு வண்டி வரும்போது சிவப்பு பம்பர் வந்து நிற்க வேண்டும். இப்படிப்பட்ட கம்பெனி எது சிப்காட்டில் இடம் எடுக்கிறது என்று கவனியுங்கள். நம் மாவட்டத்திலேயே அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலையும், சோளிங்கரில் பிரேக்ஸ் இந்தியா வார்ப்பாலையும் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. நமக்கு வாகனத் தொழில் புதிது இல்லை.

கரண்டு வண்டி வந்தா இதெல்லாம் போயிடும்ங்கறாங்களே?

இன்ஜின், கியர்பாக்ஸ், சைலன்சர் செய்யும் கம்பெனிகளுக்கு அடி விழும். டயர், பிரேக், சீட், கண்ணாடி, ஒயரிங் எந்த வண்டிக்கும் வேண்டும். முன்பு எலக்ட்ரீஷியன் டிரேடு பற்றிச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபேக்டரிய விரிவாக்கம் பண்ணா வேலையும் ரெட்டிப்பாகும்தானே?

விரிவாக்கம் மூன்று விதம். ஓடுகிற லைனில் இன்னொரு ஷிப்ட் சேர்ப்பது முதல் விதம். மெஷின் அதேதான், ஆள்தான் கூட வேண்டும், அதனால் வேலை நிறைய வரும். புதிதாக ஒரு லைனோ இரண்டாவது ஆலையோ கட்டுவது இரண்டாவது. ஹூண்டாய் 2008-ல் இரண்டாவது ஆலை திறந்தது போல. வேலை வரும், ஆனால் புது லைனில் ரோபோ கூடுதலாக இருப்பதால் பழைய விகிதத்தில் வராது. மூன்றாவது, எங்கே தடை இருக்கிறதோ அங்கே மட்டும் நல்ல மெஷின் போட்டு, அதே ஆட்களோடு மணிக்கு நாற்பது வண்டியை ஐம்பதாக்குவது. வண்டி கூடும், ஆள் கூடாது. சில சமயம் குறையவும் செய்யும்.

செய்தித்தாளில் மூன்றுக்கும் ஒரே தலைப்புதான்: "கோடிகளில் விரிவாக்கம்". அதனால் எத்தனை கோடி என்பதை விட்டுவிட்டு, எத்தனை ஷிப்ட், புது லைனா, எந்த மாடல் என்று படியுங்கள். பனப்பாக்கம் படிப்படியாக வளரும் ஆலை என்று தொடக்கத்தில் சொன்னேனே, அங்கே ஷிப்ட் கூடும் கட்டம்தான் உங்கள் பிள்ளைக்கு நல்ல கதவு. முதல் வருஷம் கிடைக்கவில்லை என்று டிரேடை விட்டு டெலிவரி வேலைக்குப் போய்விட்டவர்கள், அந்தக் கதவு திறக்கும்போது கையில் அனுபவம் இல்லாமல் நிற்பார்கள். சின்ன மெஷின் ஷாப்பாக இருந்தாலும் தொழிலில் இருங்கள்.

ஃபோர்டு மாதிரி திடீர்னு மூடிட்டா?

நடக்கக்கூடியதுதான். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது, மறைமலை நகரில் 2022-ல் கடைசி வண்டி இறங்கியது. நோக்கியா ஸ்ரீபெரும்புதூர் ஆலையை 2014 நவம்பர் 1-ல் மூடியது. நிரந்தரத் தொழிலாளர்கள் சங்கமாகப் பேசி இழப்பீடு வாங்கினார்கள். காண்ட்ராக்ட் ஆட்களுக்குப் பேச மேசையே இல்லை.

இதற்கு முன்கூட்டி ஒரு வீட்டால் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். கன்ஃபர்மேஷன் வந்த மறுமாதமே சம்பளத்தின் பாதியை வண்டிக்கும் வீட்டுக்கும் தவணையாகக் கட்டத் தொடங்காதீர்கள். வேறு ஆலையும் மதிக்கும் சான்றிதழ்களைச் சேர்த்துக்கொண்டே இருங்கள்.

தோல் ஃபேக்டரியால பாலாறு போச்சு. இதுவும் அப்படி ஆயிடாதே?

இந்தப் பயம் நியாயமானது. தோல் கழிவு பற்றி வேலூர் மக்கள் போட்ட வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம் "மாசு செய்தவரே செலவைக் கொடுக்க வேண்டும்" என்பதை நாட்டின் சட்டமாக உறுதி செய்தது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் இன்னும் மண்மேல் கிடக்கிறது. வேலை கொடுத்த ஆலைதான் அதுவும்.

கார் ஆலையில் கவனிக்க வேண்டியது பெயின்ட் ஷாப். தண்ணீர் அதிகம் குடிப்பதும் அது, அபாயக் கழிவு வருவதும் அங்கிருந்து. கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்களா, பெயின்ட் கசடு எங்கே போகிறது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ஆலைக்கு வேலைக்குப் போகிற பிள்ளையின் அப்பாவே இதைக் கேட்கலாம். கேட்டால் வேலை போய்விடும் என்று பயந்து பயந்துதான் பாலாற்றை விட்டோம்.

மூணு வருஷமா ஒரே ஃபேக்டரி, ஒரே மெஷின். ஆனா வருஷா வருஷம் காண்ட்ராக்டர் பேர மாத்தறாங்க. பர்மனன்ட் கேக்க முடியுமா?

தமிழ்நாட்டில் 1981-ல் வந்த ஒரு சட்டம் உண்டு: ஒரு தொழில் நிறுவனத்தில் 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து பணிசெய்த தொழிலாளிக்கு நிரந்தரத் தகுதி. அப்ரண்டிஸ் இதில் வரமாட்டார். ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவருக்கு இது தானாகக் கிடைக்காது. நீங்கள் உண்மையில் யாருடைய தொழிலாளி என்பதே முதல் சண்டையாக இருக்கும். பெயர் மாறினாலும் மெஷினும் சூப்பர்வைசரும் மாறவில்லை, வேலையை ஏவியது கம்பெனிதான் என்று காட்ட முடிந்தால் வழக்குக்கு உயிர் உண்டு.

காட்டுவதற்குக் காகிதம் வேண்டும். ஒவ்வொரு மாதச் சம்பளச் சீட்டு, ஒவ்வொரு அடையாள அட்டையின் இரு பக்கப் படம், ஒப்பந்தக்காரர் பெயர் மாறியது தெரியும் பி.எஃப். பாஸ்புக், ஷிப்ட் பட்டியல், லீவு கேட்டு அனுப்பிய வாட்ஸப் செய்தி. எல்லாவற்றையும் போனில் மட்டும் வைக்காமல் ஒரு நகலை வீட்டில் வையுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம். நான் வேலை பார்த்த கம்பெனியில் ஆறு வருஷத்தில் மூன்று ஒப்பந்தக்காரர் பெயர் மாறியது. கூட இருந்த சிலர் பின்னால் வழக்குப் போட்டபோது என்னையும் கூப்பிட்டார்கள். என் சம்பளச் சீட்டுகளை ரூம் காலி செய்த அன்றே பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டிருந்தேன்.